கோடெக் இல்லை

மாயகிருஷ்ணனுக்குக் காது மட்டும்தான் சொத்து. பசுவந்தனையில் அவருடைய அய்யா சோலைச்சாமிக்கு அறுபது செம்மறி இருந்தன. கிடையில் எந்தக் குட்டி கத்துகிறது என்று திரும்பிப் பார்க்காமலே மாயகிருஷ்ணன் சொல்லிவிடுவார். "இந்தக் காத வச்சுக்கிட்டு ஒன்னும் பண்ண முடியாதுலே" என்று அய்யா அப்போதே சொன்னார். பிள்ளை கேட்கவில்லை. கேட்காத பிள்ளைகள்தானே கடை வைக்கிறார்கள்.

தொண்ணூற்றிரண்டில் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆறடிக்கு எட்டடியில் ஒரு சந்துக் கடையைப் பிடித்து 'ப்ரியா ரெக்கார்டிங் சென்டர்' என்று போர்டு மாட்டினார். மகள் கிருஷ்ணப்ரியா பிறந்த வருஷம் அது. கோடு போட்ட தாளில் பாட்டு வரிசையை எழுதிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். வெறும் கேசட்டில் பதிந்து தர வேண்டும். மற்ற கடைகளில் இரட்டை வேகத்தில் ஓடவிட்டு அரை மணி நேரத்தில் கையில் கொடுத்துவிடுவார்கள். இவர் ஒவ்வொரு பாட்டையும் அதனதன் வேகத்தில் ஓடவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுக்கக் கேட்பார். எங்காவது இரைச்சல் வந்தால் முதலிலிருந்து பதிவார். "அவசரம்னா அங்கன போங்க அண்ணாச்சி" என்று ஆட்களை அடுத்த கடைக்கு அனுப்பிய ஒரே கடைக்காரர் அந்த வீதியில் அவர்தான். பெருமைதான், வேறென்ன. அந்தப் பெருமையில் ஏழெட்டு வருஷம் ஓடியது.

இரண்டாயிரத்தில் எம்பி3 தட்டு வந்தது. ஒரு தட்டில் நூற்றைம்பது பாட்டு. மதுரையிலிருந்து ஒன்றை வாங்கிவந்து கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். ஜால்ரா தண்ணீருக்குள் தட்டினாற்போல் இருந்தது. தவிலின் தொப்பிப் பக்கத்து அடி மழுங்கிப் போயிருந்தது. சரணம் எடுக்கும் முன் பாடகி இழுக்கும் மூச்சைக் காணோம். பத்து வருஷமாகக் கேட்டுப் பழகிய மூச்சு அது. யாரோ உள்ளே புகுந்து, பெரிய சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்ற சின்னச் சத்தங்களையெல்லாம் பொறுக்கி வெளியே எறிந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. யாரிடம் சொல்லி என்ன? "நூத்தம்பது பாட்டு கேக்குதவனுக்கு மூச்சு எதுக்கு?" என்று சிரித்தார்கள். மனைவி ராதாமணி சிரிக்கவில்லை. "கேக்காத சத்தத்துக்காக அழுத மனுசன நான் இங்கனதான் பாக்குதேன்" என்று சொல்லிவிட்டு, வீட்டில் ஒட்டி முடித்த தீப்பெட்டிக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. முப்பத்தெட்டு வயதில் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்து, தாவணி போட்ட பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்தார். வாத்தியாருக்குக் கடிதம் அடிக்கவும் கட்டம் போட்டுக் கூட்டவும் தெரியும். பாட்டை எப்படிச் சுருக்குகிறார்கள் என்று கேட்டதற்கு, "அது தானா சுருங்கிரும் சார்" என்றார். அதற்குப் பிறகு இவரே அகராதியை வைத்துக்கொண்டு, பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஆங்கிலக் கம்ப்யூட்டர் பத்திரிகைகளை எழுத்துக்கூட்டிப் படித்தார். எண்பது பக்க நோட்டில் முதல் வரியாக எழுதி வைத்தார்: 'கோடெக் என்பது இரண்டு சொல்லின் தலையை வெட்டி ஒட்டிய சொல். கட்டுகிறவன், அவிழ்க்கிறவன். எவன் முறையில் கட்டினதோ அவன் முறையில்தான் அவிழ்க்க முடியும்.' இரண்டாம் வரி: 'கட்டும்போது எறிந்தது அவிழ்க்கும்போது வராது.' இதை எழுதி அடிக்கோடு போட்டவர் அவரேதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேசட் செத்தது. போர்டில் 'கேசட், வீடியோ சி.டி.யாக மாற்றித் தரப்படும்' என்று ஒரு வரி கூடியது. கல்யாண வீடியோக்கள் வந்தன. ஒரு கல்யாணம் உள்ளே போனால் கம்ப்யூட்டரின் வயிறு பாதி நிறைந்துவிடும். ஆகவே ஒரு முறை வைத்திருந்தார். தட்டு எழுதி, ஓட்டிப் பார்த்து, உறையில் போட்டதும் அந்த வேலையின் மூலத்தை முழுக்க அழித்துவிடுவார். அழித்தால்தான் அடுத்த கல்யாணம் நுழையும். மூன்று வருஷமாக அந்த முறையில் ஒரு தப்பும் வரவில்லை.

கெங்கம்மாள் வந்தது இரண்டாயிரத்து ஆறு ஆகஸ்ட் பதினான்காம் தேதி, திங்கட்கிழமை. மறுநாள் சுதந்திர தினம். இரண்டு பள்ளிக்கூடங்களுக்கு நடனப் பாட்டு வெட்டி ஒட்டிக் கொடுக்க வேண்டியிருந்ததால் அவருக்கு நாள் மறக்கவில்லை. நாகலாபுரம் பக்கத்து மானாவாரிக்காரி, தெலுங்கு பேசும் வீடு, புருஷன் இல்லை. ஒரே மகன் கிருஷ்ணராஜ் கல்ஃபில் வெல்டர். முதலில் போன கம்பெனியை விட்டு ஓடி வேறெங்கோ மறைவாக வேலை பார்த்தான் போலிருக்கிறது. எட்டு மாதமாகப் போன் இல்லை. ஊரிலிருந்து போய் அங்கே வேலை செய்யும் இசக்கிபாண்டி லீவில் வந்தபோது, விரல் நகம் அளவுக்கு ஒரு மெமரி கார்டைக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். கிருஷ்ணராஜ் யாருடைய போனையோ வாங்கி அதில் பேசிப் பதிந்து, "எங்கம்மாகிட்ட குடு" என்று சொன்னானாம். இசக்கிபாண்டியின் போனோ சாதாரணப் போன், கார்டு ஏறாது. ஆகவே கிருஷ்ணராஜ் என்ன பேசினான் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

அந்தம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, மஞ்சள் துணியை அவிழ்த்து, அதற்குள்ளிருந்த காகிதத்தையும் அவிழ்த்துக் கார்டை நீட்டினாள். "எம்மகன் என்ன சொல்லுதான்னு கேக்கணும் தம்பி. அம்புட்டுத்தான்."

மாயகிருஷ்ணன் கார்டைச் செருகினார். உள்ளே ஒரே ஒரு வீடியோப் படம். தட்டியதும் திரையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பி, அதற்குள் ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது. ஆங்கிலத்தை அவர் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார் என்று சொன்னேன் அல்லவா? திரும்பாமலே, மெல்ல, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "கோடெக்கு... இல்லம்மா."

பின்னால் தொப்பென்று சத்தம் கேட்டது. கெங்கம்மாள் சிமெண்டுத் தரையில் கிடந்தாள். "நா கொடுகு லேடா? தேவுடா, நா கொடுகு லேடா?" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். ஒருவர் சோடா உடைத்தார். வலிப்பாக இருக்கும் என்று ஒருவர் சாவிக்கொத்தைத் தேடினார். மாயகிருஷ்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூன்றாம் முறையாக அவள் அந்தச் சொல்லைச் சொன்னபோதுதான் அவர் காதில் விழுந்தது. கொடுகு. தெலுங்கில் மகன். என் மகன் இல்லையா என்று கேட்கிறாள். எட்டு மாதமாக எந்தச் செய்திக்குப் பயந்து கிடந்தாளோ, அதை ஒரு கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துப் படித்துச் சொன்னால் அவள் வேறு எப்படிக் கேட்பாள்?

"யம்மா, யம்மா, எந்திரிங்க. ஒங்க கொடுகு நல்லா இருக்கான். நான் சொன்னது வேற கோடெக்கு. பொட்டிக்குள்ள இருக்க வேண்டிய சாமான். இங்கன பாருங்க, ஒங்க மகன்!"

திரையை அவள் பக்கம் திருப்பினார். இரண்டடுக்கு இரும்புக் கட்டிலின் கீழ்த்தட்டில் கிருஷ்ணராஜ் உட்கார்ந்திருந்தான். பனியன் போட்டிருந்தான். வாய் அசைந்தது. கண்ணைத் துடைத்தான். மறுபடியும் வாய் அசைந்தது. சத்தம் இல்லை. கெங்கம்மாள் கண்ணீரோடு சிரித்தாள். கூடி நின்றவர்களும் சிரித்தார்கள். கோடெக்கும் கொடுகும் அன்று சாயங்காலம் வரை டீக்கடையில் பேச்சாக இருந்தது.

"என்ன சொல்லுதான்?" என்று கேட்டாள்.

"அதுக்குத்தான் கோடெக்கு வேணும்மா. பஞ்ச பிரஸ்ல போட்டு நெரிச்சு, கம்பி போட்டு பேல் கட்டுதாகள்ல? அந்த மாதிரி அவன் பேச்ச நெரிச்சுக் கட்டியிருக்கு. கம்பிய அவுக்குற ஆயுதம் எங்கிட்ட இல்ல. தேடிப் பிடிச்சிருவேன்."

"அப்ப பேச்சு உள்ள இருக்கு?"

"உள்ளதான் இருக்கு. எங்க போவப் போகுது?"

படம் மறுபடி ஓடியது. அவள் கண்ணில் நீர் நின்றதால் சரியாகப் பார்க்கவில்லை. முதலில் 'அம்மா' என்கிறான், அது மட்டும் தெரிகிறது என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பக்கத்து வீட்டில் டிவிடி பெட்டி இருக்கிறது, அதில் போட்டுப் பார்க்கிற மாதிரி தட்டாகக் கொடுங்கள் என்று கேட்டாள். பிறகு வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

"தம்பி, இந்தக் கார்டு நாளைக்கே வேணும். புதங்கிழம இசக்கிபாண்டி போறான். கார்டத் திருப்பி அனுப்பு, அடுத்தவாட்டியும் பேசி அனுப்புதேன்னு சொல்லிவிட்டிருக்கான் எம்மகன். உள்ள இருக்கத எடுத்துட்டு காலி பண்ணிக் குடுங்க. நெறைய எடம் வேணும்லா? அவன் நெறையப் பேசணும்."

மாயகிருஷ்ணன் படத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி, தட்டுக்கு ஏற்றபடி மாற்றி, எழுதினார். கார்டைத் துடைத்துக் காலி செய்தார். மறுநாள் இசக்கிபாண்டி கொடி குத்திய சட்டையோடு வந்து கார்டையும் கெங்கம்மாளுக்கான தட்டையும் வாங்கிக்கொண்டு போனான்.

அந்த வாரமே ஆவணி பிறந்தது. முதல் முகூர்த்தத்தில் மூன்று கல்யாணம். கம்ப்யூட்டரில் இடமில்லை. தட்டு எழுதியாயிற்றா, அழி. கிருஷ்ணராஜ் என்று பெயரிட்டு வைத்திருந்த மூலத்தையும் சேர்த்தே அழித்தார். மறதி அல்ல, நினைத்துப் பார்த்துத்தான் அழித்தார். தட்டுதான் இருக்கிறதே, பூட்டின குரல் அதற்குள்ளும் பூட்டியே கிடக்கும், சாவி வந்தால் திறந்துகொள்ளலாம் என்று நினைத்தார். இப்படி நினைத்ததை இன்றைக்கு எழுதும்போதுகூட எனக்குக் கோபம் வருகிறது. அவிழ்க்கத் தெரியாத பொட்டலத்துக்குள் இருப்பதை இந்த இயந்திரம் எடுத்து வேறு பொட்டலத்தில் எப்படிக் கட்டும்? அதற்குக் குரல் கேட்கவில்லை. ஆகவே அது குரலை எழுதவில்லை. நோட்டில் அடிக்கோடு போட்டவருக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா?

தோன்றவில்லை. இருபது நாள் கடைக்கு முன்னும் பின்னும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடினார். போனில் பேச்சைக் கட்டும் முறை வேறு, பாட்டைக் கட்டும் முறை வேறு என்பதைக் கண்டுபிடித்தார். அதை அவிழ்க்கும் கோடெக்கையும் கண்டுபிடித்தார். காசில்லாமல் கிடைத்தது. தட்டில் ஏற்றிக்கொண்டு பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கடைக்கு வந்து, கம்ப்யூட்டரில் போட்டு, வேறு யாரோ விட்டுப்போன போன் படம் ஒன்றை ஓட்டிப் பார்த்தார். ஒரு குழந்தை கணீரென்று ஒன்று இரண்டு எண்ணியது. மாயகிருஷ்ணன் அன்றைக்குத்தான் கடைசியாகச் சந்தோஷமாக இருந்தார்.

கெங்கம்மாளுக்குக் கொடுத்த தட்டுக்கு ஒரு நகல் தன்னிடம் வைத்திருந்தார். அதைப் போட்டார். வாய் அசைந்தது. சத்தம் இல்லை. ஒலியை முழுக்க ஏற்றினார். ஹெட்போனை மாட்டினார். அறுபது செம்மறியைப் பிரித்துக் கேட்ட காது அந்த இரண்டு நிமிஷம் நாற்பது விநாடியை முப்பது தடவை கேட்டது. இரைச்சல்கூட இல்லை. இரைச்சல் இருந்தாலாவது அடியில் ஏதோ இருக்கிறது என்று நம்பலாம்.

உதட்டையாவது பார்த்துச் சொல்லலாமா என்று முகத்தைப் பெரிதாக்கினார். வாய் இருந்த இடத்தில் நாலைந்து சதுரம் மங்கலாக அசைந்தது. மூலத்தில் இருந்த உதட்டசைவையும் அவர் மாற்றிய முறை சின்ன விஷயம் என்று தள்ளிவிட்டிருந்தது. அழித்ததை மீட்கும் மென்பொருள் போட்டுத் தேடினால், அந்த இடத்தில் மூன்று கல்யாணத்துச் சாப்பாட்டுப் பந்தி இருந்தது. இசக்கிபாண்டிக்குப் போன் போட்டார். "கிருஷ்ணராஜ் இருந்த ரூம்ல ஆளே இல்ல அண்ணாச்சி, எங்க போனான்னு ஒருத்தருக்கும் தெரியல. கார்ட வேற ஒருத்தர்ட்ட குடுத்தேன். பாட்டு ஏத்திட்டாரு" என்றான். எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு வேறொன்று. எதிர்த்த போன் கடையில் அந்தக் கார்டு ஏறுகிற போன் கெங்கம்மாள் வந்த அன்றைக்கே கண்ணாடிக்குள் இருந்தது. ரோட்டைக் கடந்து போய்ச் செருகியிருந்தால் ஒரு நிமிஷத்தில் பேசியிருப்பான். கோடெக் படித்த மனிதருக்கு இன்னொருவர் கடையில் கேட்கக் கூச்சமாக இருந்தது.

கெங்கம்மாள் மாதம் ஒரு முறை வந்தாள். வெள்ளரிக்காய், கம்பு, எதையாவது ஒரு பையில் கொண்டுவருவாள். "கோடெக்கு வந்துட்டா தம்பி?" என்று கேட்பாள். அந்தச் சொல்லை இப்போது அவள் சுத்தமாகச் சொன்னாள்.

"இன்னும் வரலம்மா."

முதல் முறை பயத்தில் சொன்னார். இரண்டாம் முறை, முதல் முறை சொன்னதற்காகச் சொன்னார். அதற்குப் பிறகு வேறு சொல்ல வழியில்லை. இதற்குள் ஊரில் போன் படம் பெருகிவிட்டது. கல்ஃபு பிள்ளைகள் பேசி அனுப்புவதும் பெருகியது. மற்ற கடைகளில் ஊமையாக ஓடிய படங்கள் மாயகிருஷ்ணன் கடையில் பேசின. கூட்டம் வந்தது. ஒரு நாள், எட்டயபுரத்துப் பையன் ஒருவன் திரையில் தன் அக்காளிடம் கல்யாணத்துக்கு வர முடியாததற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தபோது கெங்கம்மாளின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டது. அந்தச் சத்தத்தை அவர் காது தெருமுனையிலேயே பிடித்துவிடும். ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினார். "என்னாச்சு, நின்னுட்டு?" என்றாள் அந்த அக்கா. "ஒயர் லூசு" என்றார். கெங்கம்மாள் அந்த ஊமைப் படத்தைப் பார்த்து, "இவனுக்கும் கோடெக்கு இல்லியா? பாவம்" என்றாள்.

மறு வருஷம் செப்டம்பரில் ஒரு தாள் வந்தது. கிராம அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்களாம். கெங்கம்மாள் அதை வாங்கியவுடன் நேரே பஸ் ஏறிக் கடைக்கு வந்தாள். அன்றைக்குக் கையில் பை இல்லை. அழவும் இல்லை.

"அங்கன படிச்சுச் சொன்னாக. இருந்தாலும் நீங்க ஒருதடவ படிங்க தம்பி. தேதியப் படிங்க."

கிருஷ்ணராஜ் கட்டிட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து செத்திருக்கிறான். யார் எவர் என்று தெரியாததால் அங்கேயே அடக்கம் செய்துவிட்டு, ஒரு வருஷம் கழித்து யாரென்று கண்டுபிடித்திருக்கிறார்கள். தேதி, இரண்டாயிரத்து ஆறு ஆகஸ்ட் மூன்று.

"நான் இங்கன வந்தது என்னைக்கு?"

"பதினாலு" என்றார் மாயகிருஷ்ணன்.

"அப்ப பதினோரு நாளாயிருக்கு. நீங்க அன்னைக்கே சரியாத்தான் சொன்னீங்க. கொடுகு இல்லன்னு சொன்னீங்க. நானும் சரியாத்தான் கேட்டேன். பெறவு பஞ்சு, பேலுன்னு என்னமோ சொல்லி எந்திரிக்க வச்சிட்டீங்க. ஒரு வருசம் அழாம இருந்துட்டேன் தம்பி, எம்பிள்ளைக்கு."

அவர் தாளைத் திருப்பி நீட்டினார். "யம்மா..." என்றார்.

"சரி, போவட்டும். இனி புதுசா ஒன்னும் பேச மாட்டான். பேசினது ஒன்னுதான். எத்தன மாசம் ஆனாலும் சரி, அத மட்டும் எடுத்துக் குடுத்திருங்க. நான் செத்தாலும் சரி, என் காதுகிட்டக் கொண்டாந்து வச்சிருங்க."

இதற்குமேல் அந்தப் பொய்யைச் சொல்ல மாயகிருஷ்ணனால் ஆகவில்லை. சொன்னார். கோடெக் போன வருஷமே கிடைத்துவிட்டது என்று சொன்னார். குரல் தட்டில் ஏறவே இல்லை, மூலத்தை அழித்தது தான்தான், கார்டும் காலி, இனி உலகத்தில் எந்தப் பெட்டியிலும் அந்தப் பேச்சு இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிவிட்டு, அவள் மண்ணை வாரித் தூற்றினால் வாங்கிக்கொள்ளலாம் என்று எழுந்து நின்றார்.

அவள் திட்டவில்லை. திரையைப் பார்த்தபடி, "காலி பண்ணச் சொன்னது நாந்தானே?" என்றாள்.

"இல்லம்மா, கார்டுல போனா என்ன, பொட்டியில இருந்துச்சு. நாந்தான் அழிச்சேன். என் தப்பு."

"நாந்தான் காலி பண்ணிக் குடுங்கன்னேன். அடுத்தவாட்டி நெறையப் பேசணும், எடம் வேணும்னேன்."

"நீங்க இல்லம்மா. நான்..."

அவர் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. தாளை மடித்து, அந்த மஞ்சள் துணியிலேயே சுற்றி, முந்தானையில் முடிந்தாள். "நாந்தான் காலி பண்ணச் சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினாள். டீக்கடையைத் தாண்டி, புளியமரத்தைத் தாண்டி, நாகலாபுரம் பஸ் நிற்கிற இடம் வரை அவள் அதைச் சொல்லிக்கொண்டே போனது மாயகிருஷ்ணனுக்குக் கேட்டது. பின்னாலேயே ஓடிப் போய்க் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். போகவில்லை. அதன்பிறகு கெங்கம்மாள் அந்தக் கடைக்கு வரவில்லை.

பஸ் புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் ஓர் அம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு கார்டோடு வந்தாள். மகன் துபாயிலிருந்து பேசி அனுப்பியிருக்கிறான், மற்ற கடைகளில் சத்தம் வரவில்லையாம். மாயகிருஷ்ணன் வாங்கிச் செருகினார். "யம்மா, நல்லா இருக்கியா? சாப்டியா?" என்று அந்தப் பையன் கேட்டான். பேசுவதற்கு முன் அவன் இழுத்த மூச்சுகூடத் தெளிவாகக் கேட்டது.